லீவு நாள்ல பூங்காவ பூட்டாதீங்க: நம்ம நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும்,

திங்கக்கிழமை காலைல பால் வாங்கிட்டு வரும்போது பூங்கா கேட்ல பூட்டு தொங்குச்சு. பக்கத்துல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க. "பராமரிப்புப் பணிகள் நடைபெறுவதால் 20.4 முதல் 31.5 வரை பூங்கா மூடப்படுகிறது" அப்படின்னு ஒரே வரி, கீழ ஆணையர் சீல். சின்ன வகுப்பு பசங்களுக்கு லீவு விட்டு 3 நாள் தான் ஆகுது, திரும்ப ஸ்கூல் திறக்கிறது ஜூன்ல. லீவு இருக்கிற நாள் பூரா பூங்கா மூடியிருக்கும், பசங்க ஸ்கூலுக்குப் போனதும் திறந்துடுவீங்க. இத படிச்சிட்டு என்னால பேசாம வீட்டுக்குப் போக முடியல, அதனால தான் எழுதுறேன்.

நான் பூங்காவுக்குப் பின் தெருவுல 14 வருஷமா குடியிருக்கேன். வீட்டு வாசல்லயே மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். மெஷின்ல உக்காந்தா எனக்கு நேரா தெரியிறது பூங்கா காம்பவுண்டும் அதுக்கு மேல நிக்கிற மரங்களும் தான், அதனால அங்க என்ன நடக்குதுன்னு யார் சொல்லியும் எனக்குத் தெரிய வேண்டியதில்ல, தினமும் பாக்குறேன்.

எங்க தெருவ பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். பாதி வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. சித்திரை மாசத்துல மத்தியானம் 12 மணிக்கு மேல அந்த ஷீட்டுக்குக் கீழ ஒரு ஆள் உக்கார முடியாது, ஃபேன் போட்டா அனல் காத்து தான் எறங்கும். நம்ம வேலூர் பக்கம் ஏப்ரல் கடைசிலயும் மே மாசத்துலயும் 42 டிகிரி செல்சியஸ தாண்டுறது புதுசில்ல. வீட்டுக்கு ஒரு பொம்பள ஷூ கம்பெனிக்குப் போவா, காலைல கம்பெனி பஸ் ஏறுனா திரும்ப எறங்கும்போது இருட்டிடும். ஆம்பளைங்க தோல் ஷாப்புக்கோ, லோடு வேலைக்கோ, ஆட்டோவுக்கோ போயிடுவாங்க. லீவு விட்டா இந்த வீட்டுப் பசங்க எங்க போவாங்க? வீட்ல இருக்கிற பாட்டியால எத்தன பேர புடிச்சு வைக்க முடியும்? இத்தன வருஷமா அந்தக் கேள்விக்கு எங்களுக்கு இருந்த ஒரே பதில் இந்தப் பூங்கா தான். மத்தியானம் 3 மணிக்கு எந்த வெயிலா இருந்தாலும் அந்த புங்க மரத்துங்க கீழ குறைஞ்சது 40 பேராவது உக்காந்திருப்பாங்க, பாட்டிங்க, பசங்க, பீடி சுத்துற தட்ட மடில வச்சிட்டு வேலை பாக்குற அக்காங்க, தள்ளுவண்டிய ஓரமா நிறுத்திட்டு அரை மணி நேரம் கண்ண மூடுறவங்க. என் மாமனாருக்கு 76 வயசு, பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்து இழுத்து தான் நடப்பாரு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு. ரோட்டுல அவர நடக்க விட முடியுமா, பைக் வர்ற வேகத்துக்கு.

அந்த புங்க மரத்துங்க கீழன்னு சொன்னேன். இப்ப அந்த நிழல் இல்ல. அத தான் முதல்ல கேக்கணும்.

பங்குனி பொறந்து நாலாவது நாள், காலைல 9 மணிக்கு ஒரு லாரி வந்துச்சு, அஞ்சு ஆளு, ரெண்டு மரம் அறுக்கிற மெஷின். குழந்தைங்க விளையாடுற பக்கம் வரிசையா 11 புங்க மரம் நிக்குது இல்லைங்களா, அந்த 11 மரத்தையும் சாயங்காலத்துக்குள்ள மொட்டையாக்கிட்டாங்க. கிளை கழிக்கிறதுன்னா ஒண்ணு ரெண்டு கிளைய எடுக்கிறது. இது அப்படி இல்ல, நடு மரம் மட்டும் ஆளுயரத்துக்கு மேல கொஞ்சம் நிக்குது, மேல ஒரு இலை கிடையாது. புங்க மரம் மாசில பழைய இலைய கொட்டிட்டு பங்குனில தான் புது இலை விடும், அன்னிக்கு அந்த இலையெல்லாம் எண்ணெ தேய்ச்சு விட்ட மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு, வெட்டி கீழ தள்ளுன ஒரு மணி நேரத்துல அப்படியே தொவண்டு போச்சு. ஒரு கிளைல அணில் கூடு, தேங்கா நாரும் பஞ்சும் என் கடையில இருந்து பறந்து போன துண்டு நூலும் வச்சு கட்டியிருந்துச்சு, உள்ள கண்ணு திறக்காத 3 குட்டி. பசங்க அதுங்கள ஒரு டப்பாவுல போட்டு என்கிட்ட கொண்டு வந்தாங்க. பஞ்ச பால்ல நனைச்சு வச்சுப் பாத்தேன். ரெண்டாவது நாள் ஒண்ணும் பொழைக்கல.

நான் தையக்காரி, அளக்காம எதையும் பேசி பழக்கமில்ல. அன்னிக்கு சாயங்காலம் என் இஞ்ச் டேப்ப எடுத்துட்டுப் போய் கீழ கெடந்த கிளைங்கள அளந்தேன். பெருசா இருந்த கிளையோட சுத்தளவு 34 இஞ்ச். வளந்த ஒரு ஆளோட இடுப்பளவு. அந்த மாதிரி 30 இஞ்சுக்கு மேல மட்டும் 9 கிளை எண்ணினேன், போட்டோ எடுத்து தேதியோட வச்சிருக்கேன். வெட்டுன இடமும் சரியா இல்ல. ஒரே வெட்டா மேல இருந்து அறுத்திருக்காங்க, பாதி அறுக்கும்போதே கிளை அதோட பாரத்துக்கு முறிஞ்சு, அடிமரத்து பட்டைய ரெண்டு முழத்துக்கு உரிச்சிட்டு விழுந்திருக்கு. குடியாத்தம் பக்கம் எங்க சித்தப்பாவுக்கு மாந்தோப்பு இருக்கு, அவர கூட்டிட்டு வந்து காமிச்சேன். கவாத்து, அதான் கிளை கழிக்கிறதுன்னா, முதல்ல கிளைக்கு அடிப்பக்கம் பாதி அளவு அறுத்துக்கணும், அப்புறம் கொஞ்சம் தள்ளி மேல இருந்து அறுக்கணும், பாரம் எறங்குனதுக்கு அப்புறம் தான் அடிமரத்து ஓரமா, அந்த வீங்குன மோதிரம் மாதிரி இருக்கிற இடத்தை விட்டுட்டு சுத்தமா எடுக்கணும், அப்ப தான் காயம் மூடும்னாரு. இப்படி முண்டமா வெட்டுனா அந்த வாயில இருந்து குச்சி குச்சியா கொத்தா தளிரும், பாக்க பச்சையா இருக்கும் ஆனா அடில புடிப்பே இருக்காது, ரெண்டு மூணு வருஷத்துல புயல் காத்துல அது தான் முதல்ல முறிஞ்சு ஆள் மேல விழும்னாரு. பாதுகாப்புக்காக வெட்டுனோம்னு நீங்க சொல்றீங்க. இப்படி வெட்டுனதுல தான் ஆபத்து கூடியிருக்கு.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, எதுக்கு வெட்டுனீங்க, யார் உத்தரவுன்னு கேட்டு மனு போட்டேன். 30 நாளுக்குள்ள பதில் தரணும், 29-வது நாள் வந்துச்சு. "மின்கம்பிக்கு இடையூறாக இருந்த கிளைகள் அகற்றப்பட்டன" அப்படின்னு இருக்கு. ஐயா, கரண்ட் கம்பி போறது கிழக்குப் பக்கம் மட்டும், அது 3 மரத்துக்கு மேல தான் போகுது. மீதி 8 மரத்துக்கு மேல வானம் தவிர ஒண்ணும் இல்ல. நேர்ல வந்து நின்னு அண்ணாந்து பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். யார் உத்தரவுன்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. அரசு நிலத்துல மரத்தை வெட்டணும்னா மாவட்டப் பசுமைக் குழு கிட்ட போகணும்னு ஏற்பாடு இருக்கு, அடியோட வெட்டல கிளை தானேன்னு இந்த மரங்கள அந்தக் கணக்குல சேக்காம விட்டிருக்கீங்க. 34 இஞ்ச் கிளைய எல்லாம் எடுத்துட்டு ஒரு முண்டத்தை விட்டு வச்சா, வெயில்ல நிக்கிற ஆளுக்கு அது மரமே இல்ல.

நம்ம தமிழ்நாடு அரசாங்கம் தான் 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் ஆள கொல்லும்னு ஒத்துக்கிட்டாச்சு. அப்படின்னா 11 மரத்து நிழலுங்கிறது எங்க தெருவுக்கு புயல் பாதுகாப்பு மையம் மாதிரி. அத சரியா வெயில் ஆரம்பிக்கிற மாசம் பாத்து எடுத்துட்டீங்க.

மரம் போன அடுத்த வாரமே ஒண்ணு நடந்துச்சு. சறுக்கு மரம் இரும்புத் தகடு போட்டது, இத்தன நாளும் அது புங்க மரத்து நிழல்ல இருந்ததால யாருக்கும் அதோட சூடு தெரியல. பக்கத்து வீட்டு பையனுக்கு 5 வயசு, சாயங்காலம் 4 மணிக்கு எப்பவும் போல ஏறி உக்காந்து சறுக்கியிருக்கான், கீழ வந்து சேர்றதுக்குள்ள அலறிட்டான். ரெண்டு தொடைக்கும் பின்னால உள்ளங்கை அளவுக்கு தோல் சிவந்து கொப்புளம். அவங்க அம்மா ஷூ கம்பெனில இருக்கா, நான் தான் தூக்கிட்டு ஓடுனேன், குழாயில தண்ணி திறந்து பத்து நிமிஷம் ஊத்திட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். நாலு நாள் குப்புறப் படுத்து தூங்குனான். இத வாட்ச்மேன் அண்ணன் அவரோட நோட்டுல எழுதி வச்சிருக்காரு, உங்க ஆபீஸ்ல யாரும் வந்து கேக்கல.

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி இருந்துச்சு, எதுக்கு ஒவ்வொரு வருஷமும் சரியா மார்ச்லயே இந்த வேலையெல்லாம் நடக்குது, மீதி 11 மாசம் குழாய் ஒழுகுனா கூட ஆள் வராம இருக்கும்போது பங்குனில மட்டும் பெயிண்ட் அடிக்கிறாங்க, பேவர் பிளாக் எறக்குறாங்க, கிளை வெட்டுறாங்க. ஒரு கான்ட்ராக்டர் கிட்ட வேலை பாக்குற தம்பி என்கிட்ட பிளவுஸ் வாங்க வந்தப்போ சொன்னான், மார்ச் 31-க்குள்ள பில் போட்டாகணும் அக்கா, இல்லன்னா அந்த நிதி திரும்பப் போயிடும்னு. அப்ப தான் எனக்குப் புரிஞ்சுது. கணக்கு வருஷம் முடியிற நேரத்துல மரம் தளிர் விடுற நேரமும் வருது, பசங்க பரீட்சை முடிஞ்சு வெளிய வர்ற நேரமும் வருது. நீங்க வேணும்னே செய்றீங்கன்னு நான் சொல்லல. ஆனா அந்தக் கணக்கு மட்டும் தான் உங்க மேஜைல இருக்கு, மத்த ரெண்டும் இல்ல. வேலை மார்ச்சுக்குள்ள முடியாம இழுத்துட்டுப் போறதால தான் இப்ப மே 31 வரைக்கும் பூட்டுறீங்க.

இந்த ஊர்ல எந்த வயசான விவசாயிய கேட்டாலும் எந்த வேலைய எப்ப செய்யணும்னு சொல்லிடுவாரு. காஞ்ச கிளை, ஒடிஞ்சு தொங்குற கிளை, கம்பில உரசுற கிளை இத எப்ப வேணா எடுக்கலாம். மத்த கவாத்து ஐப்பசி மழைக்கு முன்னால, புரட்டாசில செஞ்சா மழையில மரம் தேறிக்கும், காத்துக்கும் தாங்கும். கன்னு நடுறதும் அப்ப தான், மழை ஊத்துற ரெண்டு மாசம் வேர் புடிச்சிடும். நீங்க போன மாசம் நட்ட 60 செடில எத்தன உயிரோட இருக்குன்னு நான் எண்ணிப் பாத்தேன், 13. தண்ணி ஊத்த ஒரே ஒரு அக்கா, கையில ஒரு பைப், அதுவும் பாதி தூரம் தான் எட்டும், அந்த அக்காவ இதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். பெயிண்டு, சிமெண்ட் வேலை, ஊஞ்சல் சங்கிலி மாத்துறது எல்லாம் தை மாசத்துல செய்யலாம், மழையும் விட்டிருக்கும், வெயிலும் இருக்காது, பசங்க ஸ்கூல்ல இருப்பாங்க. டெண்டர ஐப்பசி கார்த்திகைல முடிச்சா போதும், மார்ச்ல பில்லும் போயிடும்.

பேவர் பிளாக் பத்தியும் ஒரு வார்த்தை. நடைபாதைய அகலமாக்குறேன்னு மரத்தோட தூர் வரைக்கும் கல்ல பதிச்சு ஓரத்துல சிமெண்ட் பூசிட்டாங்க. வேப்ப மரத்தடியில விரல் வைக்க மண்ணு இல்ல. 2013-ல டெல்லில, சுற்றுச்சூழல் வழக்க விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மரத்தச் சுத்தி 1 மீட்டருக்கு இருக்கிற கான்கிரீட்ட எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுது, அந்த அளவாவது இங்க விடுங்க. அந்த ரெண்டு வேப்ப மரமும் இந்தப் பங்குனில பூ விட்டது ரொம்பக் கம்மி, எங்க தெருவுல வருஷப் பொறப்பு பச்சடிக்கு அங்க தான் வேப்பம்பூ பொறுக்குவோம், இந்த வாட்டி காய்கறிக் கடையில 20 ரூபா கொடுத்து வாங்குனேன்.

இனிமே சொல்லப் போறது தான் என் மனச ரொம்ப உறுத்துது.

2022 கோடையில, கொரோனாவுக்கு அப்புறம், ஒரு ரிட்டயர்ட் பி.இ.டி. சார் இந்தப் பூங்காவுல பசங்களுக்கு இலவசமா வாலிபால் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாரு. காலைல 6.30-லேருந்து 8.30, சாயங்காலம் 4.30-லேருந்து 6.30. அவர பாத்துட்டு சிலம்பம் தெரிஞ்ச ஒரு அண்ணன் வந்தாரு. கிளை நூலகத்துல வேலை பாக்குற அக்கா வாரத்துக்கு ரெண்டு நாள் பையில கதை புஸ்தகம் கொண்டு வந்து பூங்காவுல இருக்கிற ஷெட்ல உக்காந்து படிச்சுக் காட்டுவாங்க, பெரிய பசங்கள விட்டு சின்ன பசங்களுக்குப் படிக்கச் சொல்வாங்க. அந்த வருஷம் மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ நம்ம நகராட்சியே பூங்கா தரையில பெருசா கறுப்பு வெள்ளை கட்டம் வரைஞ்சு குடுத்தீங்க, அது ரொம்ப நல்ல காரியம், அந்தக் கட்டத்துல தண்ணி பாட்டில் மூடி, கல்லு, டப்பான்னு எத எதையோ ராஜா ராணியா வச்சு விளையாடியே எங்க தெருவுல செஸ் தெரியாத பசங்க இல்லன்னு ஆச்சு. என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, போன வருஷம் பள்ளி அளவுல ஜெயிச்சு வட்டார அளவுக்குப் போனா. அவ கத்துக்கிட்டது அந்தத் தரையில தான், எந்த அகாடமிலயும் இல்ல. போன வருஷ கோடையில 64 பசங்க வந்தாங்க, பேர் எழுதுன நோட்டு என்கிட்ட இருக்கு, அதுல 27 பொண்ணுங்க. இதுக்கெல்லாம் நகராட்சிக்கு ஆன செலவு ஷெட்டுல ஒரு டியூப் லைட்டும், ஒரு கேன் தண்ணியும், காலைல அரை மணி நேரம் முன்னாடி கேட்டை திறந்து விட்டதும் தான்.

இந்த வருஷம் மாசி மாசமே சார் வந்து அனுமதி மனு குடுத்தாரு. மூணு தடவ அலைய விட்டு, பராமரிப்பு வேலை நடக்கப் போகுது, இந்த வாட்டி முடியாதுன்னு வாய் வார்த்தையா சொல்லியிருக்காங்க. சரி, எல்லாருக்கும் தான் மூடுறாங்கன்னு அவரும் பேசாம வந்துட்டாரு. ஆனா இப்ப பாத்தா கிழக்குப் பக்கம் சின்ன கேட் திறந்திருக்கு, வாலிபால் கிரவுண்டுலயும் ஷெட்டுலயும் ஒரு தனியார் அகாடமியோட சம்மர் கேம்ப் போர்டு தொங்குது. ஒரு புள்ளைக்கு 2,800 ரூபா. பராமரிப்பு வேலை நடக்கிற பூங்காவுல அவங்களுக்கு மட்டும் எப்படி இடம் கிடைச்சுது? எவ்வளவு வாடகை, எந்தத் தீர்மானம், எந்த டெண்டர்? நகர்மன்றக் கூட்ட நோட்டீஸ் போர்டுல நான் தேடிப் பாத்தேன், அப்படி ஒண்ணு இல்ல.

என் எதிர் வீட்டு அக்கா ஷூ கம்பெனில மாசம் 11,000 வாங்குறா, ரெண்டு புள்ளைங்க. ரெண்டு பேருக்கும் சேத்து 5,600. அவளோட பாதி மாச சம்பளம். போன வாரம் சாயங்காலம் அவளோட சின்னவன் அந்த கம்பி வேலிய புடிச்சிட்டு நின்னான், உள்ள பனியன் போட்ட பசங்க வாலிபால் ஆடுறத பாத்துட்டு. பந்து வேலிக்கு வெளிய வந்து விழுந்துச்சு, ஓடிப் போய் எடுத்து, சார் சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு கையையும் சேத்து கீழ இருந்து அடிச்சு உள்ள அனுப்புனான். திரும்பவும் வந்து வேலிய புடிச்சிட்டு நின்னான். நான் மெஷின நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அந்த அகாடமி மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, அவங்க சொந்தமா இடம் புடிச்சு நடத்தட்டும், காசு இருக்கிறவங்க சேரட்டும். ஆனா இது பொது இடம். தமிழ்நாட்டுல பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி இதுங்கள பாதுகாக்கிறதுக்குன்னே 1959-லயே ஒரு சட்டம் போட்டிருக்காங்க, பட்டியல்ல இருக்கிற பூங்காவ வேற காரியத்துக்குத் திருப்பணும்னா அரசோட அனுமதி வேணும். 1991-ல பெங்களூர்ல பூங்காவுக்குன்னு ஒதுக்குன இடத்தை தனியார் நர்சிங் ஹோமுக்குக் குடுத்தது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் குடுத்ததே தப்புன்னா, காசு வாங்கிட்டு நடத்துற கேம்ப்புக்கு, அதுவும் இலவச கேம்ப்ப வெளிய அனுப்பிட்டுக் குடுக்கிறது எப்படி சரியாகும்?

கேக்க வேண்டிய இடத்துல கேட்டியான்னு நீங்க கேக்கலாம். கேட்டேன். 2022 நவம்பர் 1-ந் தேதி மாநிலம் பூரா முதல் தடவ ஏரியா சபை, அதான் வார்டு மக்கள் கூடி பேசுற கூட்டம், நடந்தப்போ எங்க வார்டுலயும் நடந்துச்சு, பந்தல் போட்டு நாற்காலி போட்டு, அன்னிக்கு நான் எழுந்து நின்னு பேசுன முதல் விஷயமே இந்த பூங்கா தான், பொம்பளைங்களுக்கு கழிவறை வேணும்னு கேட்டேன், எழுதிக்கிட்டாங்க. கழிவறை கட்டுனீங்க, அதுக்கு நன்றி, ஆனா தண்ணி கனெக்‌ஷன் குடுக்காததால பூட்டியே கெடக்கு. அதுக்கப்புறம் எங்க பக்கம் ஏரியா சபை எப்ப நடந்துச்சுன்னு தெருவுல யாருக்கும் தெரியல, யாரும் கூப்பிடல. பக்கத்துல இருக்கிற வாலாஜாபேட்டை 1866-லயே நகராட்சி ஆன ஊரு, ஊர் மக்களே ஊர் காரியத்தை முடிவு பண்றதுங்கிறது இந்தப் பக்கத்துக்குப் புதுசில்ல.

அதனால நான் கேக்கிறது இது தான்.

முதல்ல அந்தப் பூட்ட எடுங்க. மே 1-ந் தேதிக்குள்ள. வேலை பாக்கணும்னா ஒரு பாதிய கயிறு கட்டி மறைச்சுட்டு மறு பாதிய திறந்து விடுங்க, அது முடிஞ்சதும் இந்தப் பாதி. வெயில் உச்சில இருக்கும்போது வேலை செய்ற ஆளுங்களையும் வாட்ட வேணாம், அவசரமில்லாத வேலைய தை மாசத்துக்குத் தள்ளி வைங்க. லீவு முடியிற வரைக்கும் காலைல 5.30-லேருந்து ராத்திரி 8.30 வரைக்கும் கேட் திறந்திருக்கணும், மத்தியானத்துலயும்.

வாலிபால் கிரவுண்டும் ஷெட்டும் பழையபடி இலவச கேம்ப்புக்கு, அதே நேரத்துக்கு, எழுத்துல அனுமதியோட வேணும், அடுத்த வருஷத்துல இருந்து சார மூணு தடவ அலைய விடாம மாசி மாசமே குடுத்துடணும். இப்ப தனியாருக்கு எந்த உத்தரவுல குடுத்தீங்க, எவ்வளவு பணம் வந்துச்சுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. அந்த கேம்ப்ப வேற இடத்துக்கு மாத்துங்க.

அறுக்கிற மெஷின் இனிமே மாசிலேருந்து ஆவணி வரைக்கும் பூங்காவுக்குள்ள வரக் கூடாது, காஞ்ச கிளைக்கும் ஆபத்தான கிளைக்கும் தவிர. அதுவும் தோட்டக்கலைத் துறை ஆளோ வனத்துறை ஆளோ நேர்ல நின்னு சொல்லணும், எந்தக் கிளைன்னு முன்னாடியே சாக்பீஸ்ல குறி போடணும். மொட்டையான மரத்துல இப்ப வர்ற தளிர யாரும் கை வைக்க வேணாம், புரட்டாசில நல்ல கிளையா ரெண்டு மூணு விட்டுட்டு மத்தத எடுக்கட்டும். தூர சுத்தி இருக்கிற பேவர் பிளாக்க 1 மீட்டருக்கு பேத்து எடுங்க. வாரத்துக்கு ரெண்டு டேங்கர் தண்ணி, கழிவறைக்கு ஒரு குழாய்.

எங்க வார்டு ஏரியா சபைய தை மாசத்துல ஒரு தடவ கூட்டுங்க, வீட்டு வாசல்ல நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடுங்க, அந்த வருஷம் பூங்காவுல என்ன வேலை, எந்த மாசத்துல, எவ்வளவு செலவுன்னு அங்க வச்சு பேசுங்க. பேசி முடிவானத கேட்ல ஒரு போர்டுல எழுதுங்க.

கடைசியா ஒண்ணு, இத உடனே செய்யலாம். சறுக்கு மரத்துக்கும் ஊஞ்சலுக்கும் மேல பச்சை வலை கட்டணும், மரம் திரும்ப நிழல் குடுக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும், அது வரைக்கும் பசங்க காத்திருக்க முடியாது. இடத்தை அளந்துட்டேன், 20 அடிக்கு 32 அடி. 4 இரும்பு பைப் நட்டா போதும். வலைய நீங்க வாங்கிக் குடுங்க, ஓரம் மடிச்சு, கயிறு கோக்க வளையம் வச்சு தைக்கிற வேலைய நான் கூலி இல்லாம செஞ்சு தர்றேன், ரெண்டு நாள் வேலை. தெருவுல ஏறி கட்டுறதுக்கு ஆள் இருக்காங்க. வலைய எப்ப அனுப்புறீங்கன்னு மட்டும் இந்த வாரத்துக்குள்ள எழுத்துல ஒரு பதில் போடுங்க.

இப்படிக்கு,
பூங்காவுக்குப் பின் தெருவுல தையல் கடை வச்சிருக்கிற உங்க வார்டு வாக்காளர்